பற்றைக்காடும் வராத தடுப்பூசியும்

பெரியம்மா தன் வளவுக்குத் திரும்பிப் போனது 2011இல். 1990ஆம் ஆண்டு ஆனி மாதம் வலிகாமம் வடக்கிலிருந்து ஒரு பையோடு வெளிக்கிட்டவர், இருபத்தொரு ஆண்டுகளின் பின்னர் அந்தப் பையும் இல்லாமல் திரும்பினார். வீடு நின்ற இடத்தில் கிணற்றுக்கட்டின் ஒரு பக்கம் மட்டும் தெரிந்ததாம். மற்றதெல்லாம் பற்றை. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த புல்லும், ஈச்சம் பற்றையும், எங்கிருந்தோ வந்து முளைத்த வேம்புகளும். அயலிலுள்ள இரண்டு பொடியன்களைக் கூட்டிக்கொண்டு, கத்தியும் மண்வெட்டியுமாக ஒரு கிழமை நின்று வெட்டித் துப்புரவாக்கினார். அறுபத்தெட்டு வயது அப்பொழுது.

பத்து நாள் கழித்துக் காய்ச்சல் பிடித்தது. முதலில் பனடோல். பிறகு மலேரியாவுக்கும் டெங்குவுக்கும் இரத்தம் சோதித்தார்கள். இரண்டும் இல்லை. ஓரிடத்தில் அமொக்சிசிலின் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கிய பின்னர்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த ஒரு இளம் டொக்டர் பெண்பிள்ளை, மற்றவர்கள் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டாளாம்.

“அம்மா, உடம்பிலை எங்கையாவது கறுப்பாப் பொருக்குக் கட்டியிருக்கோ?”

பெரியம்மாவுக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை திரையை இழுத்துவிட்டுத் தேடினாள். பாவாடை நாடா கட்டும் இடுப்பு மடிப்பில் இருந்தது. சிகரெட்டால் சுட்டது போல ஒரு சிறு கறுப்பு வட்டம். நோவு இல்லை, கடியும் இல்லை. அதனால்தான் தெரியவில்லை. டொக்சிசைக்கிளின் என்ற மலிவான குளிசை கொடுத்தார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது.

தொலைபேசியில் பெரியம்மா சொன்னதைக் கேட்டபொழுது எனக்கு இரண்டு விடயங்கள் விளங்கவில்லை. ஒன்று, இது என்ன நோய்? மற்றது, ஊரிலே மாட்டுக்கும் கோழிக்கும்கூடத் தடுப்பூசி இருக்கிறபொழுது இதற்கு ஏன் இல்லை? முதற் கேள்விக்கு ஒரு மாலைப் பொழுதில் விடை கிடைத்தது. இரண்டாவதைத் தேடப்போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தேடியதில் தெரிந்த முதல் சங்கதி, அந்தத் தடுப்பூசி ஒருமுறை செய்யப்பட்டது என்பதுதான். அதுவும் நான் வசிக்கும் லண்டனிலிருந்து ரெயிலில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலத் தூரத்தில்.

*

ஊரில் இதனை உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். ஆங்கிலத்தில் ஸ்க்ரப் ரைபஸ். சொல்லுக்குச் சொல் எடுத்தால் பற்றைக் காய்ச்சல். ஆனால் மாட்டிலும் நாயிலும் நாம் பிடுங்கி எறிகிற உண்ணி அல்ல இது. அதைவிட மிகச் சிறிய, செந்நிறமான ஒரு சிற்றுண்ணி. அதன் குடம்பி ஒரு மில்லிமீற்றரில் ஐந்திலொரு பங்குதான் இருக்கும். கண்ணுக்குத் தெரிவது அரிது. வளர்ந்த சிற்றுண்ணி மனிதரைத் தீண்டுவதில்லை. குடம்பிப் பருவத்தில் மட்டும், வாழ்நாளில் ஒரேயொரு தடவை, ஒரு எலியையோ மனிதரையோ பற்றிக்கொண்டு இழையத்தின் நீரை உறிஞ்சும். நோய்க்கிருமி தாய்ச் சிற்றுண்ணியிலிருந்து முட்டை வழியாகப் பிள்ளைக்குப் போகும். ஆகவே கிருமியின் உண்மையான வீடு எலியும் அல்ல, மனிதரும் அல்ல, அந்தச் சிற்றுண்ணிதான். நாங்கள் வழியில் அகப்பட்டுக்கொண்டவர்கள்.

நோய் புதியதல்ல. நாலாம் நூற்றாண்டில் சீன மருத்துவர் கோ ஹொங், மணற்பூச்சி கடித்து வரும் காய்ச்சல் ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். யப்பானில் நீகாத்தா, அகித்தா, யமகாத்தா ஆகிய மாநிலங்களின் ஆற்றங்கரைகளில் வெள்ளம் வடிந்தபின் பயிர் செய்யப் போன உழவர்கள் இதனால் செத்தார்கள். ‘சுட்சுகாமுஷி’ என்று பெயரிட்டார்கள். சுட்சுகா என்றால் கேடு. முஷி என்றால் பூச்சி. அந்தப் பூச்சிக்கு அவர்கள் ஆற்றோரங்களில் சிறு கோவில்களும் கட்டி வழிபட்டார்கள். அம்மை வந்தால் மாரியம்மனிடம் போன எங்களுக்கு இது விளங்காத காரியமல்ல. 1879இல் ஜேர்மனிய மருத்துவர் பெல்ட்ஸ், கவகாமி என்ற யப்பானியருடன் சேர்ந்து இந்நோயை ஐரோப்பியருக்கு விவரித்தார். கிருமியை 1930-31 அளவில் நகாயோ, ஒகாத்தா முதலிய யப்பானியர் இனங்கண்டு பெயரிட்டனர். 1995இல் அது ரிக்கெற்சியா குடும்பத்துக்குள்ளேயே தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டு ஒரியென்ரியா என்று அழைக்கப்பட்டது.

மலாயாவில் கதை எங்களுக்கு இன்னும் அருகில் வருகிறது. 1920களில் கோலாலம்பூரிலிருந்த பிளெச்சர் என்ற பிரித்தானிய மருத்துவரும் உடன் வேலை செய்தவர்களும் அங்கே இரண்டு விதமான ரைபஸ் இருப்பதைக் கண்டார்கள். ஒன்று பட்டினத்துக் கடைகளில் வேலை செய்பவர்களுக்கு வந்தது. மற்றது வெளியிடங்களில், முக்கியமாகப் புதிதாகத் திறந்த எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் வந்தது. அந்தத் தோட்டங்களிற் காடு வெட்டியவர்களும் புல்லுச் செருக்கியவர்களும் யார்? தமிழரும் சாவகரும். இரண்டு நோய்களையும் பிரித்தறிய உதவிய இரத்தச் சோதனைக்குக்கூட ஒரு தற்செயல்தான் காரணம். கிங்ஸ்பெரி என்பவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுபோன கிருமி வளர்ப்பு, வழக்கமானதல்லாத வேறொரு வகையாக இருந்தது. பட்டினத்து நோயாளரின் இரத்தத்துக்கு இணங்காத அது, தோட்டத்து நோயாளரின் இரத்தத்துக்கு இணங்கியது. அவருடைய பெயரின் முதலெழுத்தை ஒட்டி அதனை ஓ-எக்ஸ்-கே என்றார்கள். பின்னர் லூத்வெயிற் என்ற ஆங்கிலேயரும் சவூர் என்ற இந்தியரும் பல ஆண்டுகள் உழைத்து, மலாயாவின் பற்றைக் காய்ச்சலும் யப்பானின் சுட்சுகாமுஷியும் ஒன்றே என்று நிறுவினார்கள்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் அந்நாளில் தடுப்பூசிக்கென்று பெரிய முயற்சி எதுவும் எழவில்லை. கூலிகளின் காய்ச்சல் கூலிகளின் காய்ச்சலாகவே இருந்தது. அது படையினரின் காய்ச்சலாக மாறியது இரண்டாம் உலகப் போரில்.

*

நியூகினியிலும் பர்மா எல்லையிலும், காட்டுக்குள் கூடாரமடித்த வீரர்கள் கூட்டங்கூட்டமாக விழுந்தார்கள். அமெரிக்கப் படையில் மட்டும் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். பிரித்தானிய, இந்திய, அவுஸ்திரேலியப் படைகளிலும் ஆயிரக்கணக்கில். இலங்கைக் காடுகளிற் பயிற்சி பெற்ற படையினரிடையேயும் இது தோன்றியது. மருந்து கிடையாது. இடத்துக்கு இடம் மரண வீதம் மாறுபட்டது. சில இடங்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு, சில இடங்களில் நூற்றுக்கு முப்பதுக்கும் மேல்.

அவசரம் பிறந்தது. ஐரோப்பாவிலே பேன் பரப்புகிற ரைபஸுக்கு எதிராக, கோழிமுட்டைக் கருவில் கிருமியை வளர்த்துக் கொன்று தடுப்பூசி செய்யும் வழியை ஹரோல்ட் கொக்ஸ் என்ற அமெரிக்கர் 1938இல் கண்டுபிடித்திருந்தார். அதே வழி இங்கும் பலிக்கும் என்று எதிர்பார்த்தார்கள். பலிக்கவில்லை.

மெல்பேர்னில் உள்ள வோல்ரர் அன்ட் எலைசா ஹோல் ஆய்வு நிலையத்தில் இந்த வேலையில் ஈடுபட்டவர்களில் ஒருவர் டோரா லஷ். 1910இல் பிறந்தவர். 1943 ஏப்ரில் 27ஆம் திகதி, கிருமியை ஒரு எலிக்கு ஏற்றும்பொழுது ஊசி தவறி அவருடைய விரலிற் குத்தியது. தனக்கு என்ன நடக்கப்போகிறது என்பது அவருக்குத் தெரியும். குணமாக்கும் மருந்து எதுவுமில்லை என்பதும் தெரியும். காய்ச்சல் நாட்களிலும் ஆராய்ச்சிக்காகத் தன் இரத்தத்தை எடுக்கும்படி அவர் வற்புறுத்தினார். மே 20ஆம் திகதி இறந்தார். வயது முப்பத்திரண்டு. அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் ரிச்சர்ட் ஹென்டர்சன் என்ற ஆய்வாளர் இதே கிருமியுடன் வேலை செய்து அதற்கே பலியானார். இந்தப் பெயர்களை நான் முன்னர் கேள்விப்பட்டதில்லை. பெரியம்மாவின் இடுப்பில் இருந்த அந்தப் பொருக்குக்கும் மெல்பேர்னில் குத்திய அந்த ஊசிக்கும் இடையில் ஒரு நூல் ஓடுகிறது என்று இப்பொழுது நினைத்துக்கொள்கிறேன்.

லண்டனில் ஹம்ஸ்ரெட் மேட்டிலிருந்த தேசிய மருத்துவ ஆய்வு நிலையத்தில் பொறெஸ்ரர் புல்ரனும் லூசி ஜொய்னரும் வேறொரு வழியைக் கண்டார்கள். பருத்தி எலி என்ற அமெரிக்க எலியின் மூக்கு வழியாகக் கிருமியைச் செலுத்தினால் அது நுரையீரலில் ஏராளமாகப் பெருகியது. அந்த நுரையீரலை அரைத்து, போமலினால் கிருமியைக் கொன்றால் தடுப்பூசி. எலிகள் அமெரிக்காவிலிருந்து தருவிக்கப்பட்டன. சசெக்ஸ் மாவட்டத்தில் பிரான்ற் என்ற கிராமத்தருகே, ஈலி கிரேஞ் என்ற மாளிகை வளவில், வெல்கம் நிறுவனம் 1945இல் இதற்கென்று ஒரு ஆலையையே நடத்தியது. இரகசியத் திட்டம். அதற்கு வைத்த பெயர் ரைபேர்ன். பழைய லண்டனில் தூக்குமரம் நின்ற இடத்தின் பெயர் அது. கறுப்பு நகைச்சுவையாக வைத்தார்களோ என்னவோ.

ஒருமுறை அந்த ரெயிலிற் போய் இறங்கினேன். சிறிய நிலையம், அமைதியான வயல்கள், மேய்கிற செம்மறிகள். பர்மாக் காட்டில் கிடந்த ஒரு பஞ்சாபி வீரனையோ தமிழ் வீரனையோ காப்பாற்றவென்று இந்தப் பசுந்தரையில் ஆயிரமாயிரம் எலிகளை வளர்த்தார்கள் என்பதை நினைக்க விசித்திரமாக இருந்தது.

தடுப்பூசி தென்கிழக்காசியப் படைகளிடையே பரீட்சிக்கப்பட்டது. போர் அதற்குள் முடிந்துவிட்டது. 1947இல் வெளியான முடிவு தயவு தாட்சணியம் இல்லாதது. ஊசி போட்டவர்களை அது காப்பாற்றவில்லை. 1949இல் வெளிவந்த இன்னொரு அமெரிக்கப் பரீட்சையும் அதே முடிவையே சொன்னது.

போர்க்காலத்தில் உண்மையிற் படைகளைக் காத்தது தடுப்பூசி அல்ல, உடுப்பு. டைபியூற்றைல் தலேற்று என்ற எண்ணெய் போன்ற திரவத்தைச் சீருடையில் கையாலே பூசித் தேய்த்தால் சிற்றுண்ணிகள் துணியைக் கடக்கமுன் செத்துவிடும் என்று அவுஸ்திரேலியர் காட்டினார்கள். மடிப்புகளிலும் கழுத்துப்பட்டியிலும் காலுறையிலும் தேய்ப்பது அன்றாட ஒழுங்கானது.

*

ஏன் தோற்றது? இங்குதான் கதையின் மையம் இருக்கிறது.

முதலாவது, இந்தக் கிருமி ஒன்றல்ல, பல. நியூகினியில் எடுத்த கார்ப் வகை, அசாம்-பர்மா எல்லையில் எடுத்த கில்லியம் வகை, யப்பானில் எடுத்த கற்றோ வகை என்று ஆய்வுகூடங்களிற் புகழ்பெற்றவை சில. காடுகளில் உள்ளவை எண்ணற்றவை. கிருமியின் மேலுறையில் உள்ள முக்கியமான புரதம் வகைக்கு வகை மாறுபடுகிறது. உடல் அந்தப் புரதத்தைத்தான் அடையாளம் வைத்துக்கொள்கிறது. ஒருவகையை அறிந்த உடலுக்கு மற்றவகை அந்நியன்.

இரண்டாவது, இது உயிரணுக்களுக்கு உள்ளே குடியிருக்கும் கிருமி. இரத்தக்குழாய்களின் உட்சுவரிலும், நோயை எதிர்க்கவேண்டிய வெள்ளணுக்களிலுமே போய் ஒளித்துக்கொள்கிறது. இரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருள் மட்டும் போதாது. அணுக்களே அணுக்களைத் தேடி எதிர்க்கும் வல்லமை வேண்டும். கொன்ற கிருமியால் அதனைத் தக்கபடி தூண்ட முடியவில்லை.

மூன்றாவது, நோய் வந்து மாறியவருக்குக்கூடக் காப்பு நிலைப்பதில்லை. இதைக் கண்டது ஜோசப் ஸ்மேடல் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவரின் குழு. 1948இல் அவர்கள் கோலாலம்பூருக்கு வந்தது குளோரம்பெனிக்கோல் என்ற புதிய மருந்தைப் பரீட்சிக்க. பற்றைக் காய்ச்சல் ஒன்றிரண்டு நாளில் விட்டது. அதே வேளையில், பற்றைக் காய்ச்சல் என்று எண்ணிச் சிகிச்சை அளித்த சிலருக்கு இருந்தது ரைபோயிட் என்று பின்னர் தெரியவந்தது. அவர்களும் குணமானார்கள். ரைபோயிட்டுக்கு மருந்து கிடைத்த கதை அது.

பின்னர் ஸ்மேடல் துணிகரமான ஒரு யோசனையைச் செய்துபார்த்தார். தொண்டர்களுக்கு உயிருள்ள கிருமியையே ஏற்றி, நோய் முற்றாமல் மருந்தால் அடக்குவது. உயிருள்ள கிருமியும் மருந்தும் சேர்ந்ததே தடுப்பூசி. ஓரளவு பலித்தது. அதே வகைக் கிருமியிடமிருந்து காப்பு நீடித்தது. வேறு வகைகளிடமிருந்து கிடைத்த காப்போ சில மாதங்களில் மங்கிவிட்டது. இயற்கையே நிலையான காப்பைக் கொடுக்காத நோய்க்கு மனிதர் எப்படிக் கொடுப்பது?

நாலாவது காரணம் மருத்துவம் அல்ல. மருந்து கிடைத்துவிட்டது, போரும் முடிந்துவிட்டது. இராணுவங்களின் அவசரம் போயிற்று. கதிர்வீச்சால் வலுவிழந்த கிருமி, மரபணுப் பொறியியலாற் செய்த மேலுறைப் புரதம், டிஎன்ஏ தடுப்பூசி என்று ஆய்வுகள் தொடராமல் இல்லை. எலிகளில் பலித்தவை உண்டு, குரங்குகளிலும் முயன்றார்கள். 2007இல் கிருமியின் முழு மரபுத்தொகுதியையும் தென்கொரிய ஆய்வாளர்கள் வாசித்தார்கள். ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு திரும்பத் திரும்ப வரும் துண்டுகளாகவே இருந்தது. ஆனால் மனிதருக்குப் போடக்கூடிய அங்கீகாரம் பெற்ற தடுப்பூசி இன்றுவரை இல்லை. ஆண்டுக்குப் பத்து இலட்சம் பேரைத் தொடுவதாக மதிப்பிடப்படும் ஒரு நோய்க்கு இது நிலைமை. அந்தப் பத்து இலட்சம் பேரில் பெரும்பாலோர் வயலிலும் தோட்டத்திலும் குனிந்து நிற்பவர்கள். சந்தையில் அவர்களுக்கு விலையில்லை.

*

இம்பாலிலும் பிறகு மலாயாவிலும் வேலை செய்த ரால்ஃப் ஓடி என்ற ஆய்வாளர் எழுதியவைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தன. பற்றை என்பது ஆதிக் காடு அல்ல என்கிறார் அவர். மனிதர் வெட்டித் திறந்து, பின்பு கைவிட்ட நிலத்தில் வளர்வதுதான் பற்றை. அங்கே புல் வருகிறது, புல்லுக்கு எலி வருகிறது, எலிக்குச் சிற்றுண்ணி வருகிறது. ஆங்காங்கே தீவுகள் போலச் சிற்றுண்ணிகள் திரளுகின்றன. ஒரு தீவில் கால் வைத்தவன் விழுவான். பத்தடி தள்ளி நடந்தவன் தப்புவான். இந்த நோயின் இருப்பிடத்தை ஒருவகையில் மனிதர்தான் செய்துவைக்கிறார்கள்.

கைவிட்ட நிலம் என்றால் என்ன என்பதை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. இருபது, முப்பது ஆண்டுகள் முள்ளுக்கம்பிக்குப் பின்னால் கிடந்த எங்கள் வளவுகள் எல்லாம் ஓடி சொன்ன பற்றைகள்தாம். வட இலங்கையில் இந்நோய் தலைகாட்டுவதை யாழ்ப்பாணத்து மருத்துவர்கள் 2014இல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். மலைநாட்டில் வேறு வகையான உண்ணிக் காய்ச்சல் கூடுதலாகக் காணப்பட, வடக்கில் காணப்படுவது பெரும்பாலும் இந்தப் பற்றைக் காய்ச்சல்தான்.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் நிலைமை பெரிதும் வேறல்ல. கிராமங்களில் ஏறத்தாழ 32,000 பேரை 2020 முதல் 2022 வரை தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2025இல் வெளிவந்தது. ஆண்டொன்றுக்குப் பத்துப் பேரில் ஒருவர் வரை இந்தக் கிருமி தொற்றியது. பலருக்கு அது தெரியாமலே போயிற்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று இந்தியாவின் ஏழு இடங்களில் நடத்திய இன்னொரு பரீட்சை 2023இல் வெளியானது. கடுமையாக நோயுற்றவர்களுக்கு டொக்சிசைக்கிளினையும் அசித்ரோமைசினையும் தனித்தனியே கொடுப்பதிலும் பார்க்கச் சேர்த்துக் கொடுப்பது நல்லது என்று அது நிறுவியது. பழைய, மலிவான இரண்டு மருந்துகள். வேலூரில் இருந்து வந்த இந்தச் செய்தி, பிரான்ற் ஆலை தராத ஒன்றை எங்களுக்குத் தந்திருக்கிறது.

*

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆடி, ஆவணி விடுமுறைக்கு இங்கிருந்து ஊருக்குப் போகிறவர்களில் பலர் தங்கள் வளவைப் பார்க்கப் போகிறார்கள். சிலர் உணர்ச்சிவசப்பட்டு அரைக்காற்சட்டையோடு பற்றைக்குள் இறங்கித் தாய்தகப்பன் வைத்த மாமரத்தைத் தேடுகிறார்கள். நானும் அப்படித் தேடியவன்தான். நீளக் காற்சட்டையும் காலுறையும் போடுங்கள், பூச்சிவிரட்டி பூசுங்கள், வெறும் புல்லில் இருக்கவேண்டாம், வந்ததும் குளித்து உடுப்பைத் தோய்த்துவிடுங்கள். திரும்பி வந்து மூன்று கிழமைக்குள் காய்ச்சல் கண்டால், பற்றைக்குள் நின்றதை இங்குள்ள டொக்டருக்குச் சொல்லுங்கள். பெனிசிலின் வகை மருந்துகள் இதற்குக் கேளா. கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று அக்குளிலும் அரையிலும் மடிப்புகளிலும் பார்க்கச் சொல்லுங்கள். எல்லோருக்கும் அது இருப்பதில்லை. இருந்தால் அதைவிடச் சிறந்த சாட்சி கிடையாது.

தடுப்பூசி ஒருநாள் வரும் என்றே நம்புகிறேன். டோரா லஷ்ஷின் இரத்தக் குழாய்கள் எடுத்துவைக்கப்பட்டு எண்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அதுவரைக்கும் எங்களிடம் இருப்பது ஒரு குளிசையும், திரையை இழுத்துவிட்டுத் தேடிப்பார்க்கிற ஒரு மனமும்தான். பெரியம்மாவுக்கு அவை இரண்டும் ஒன்பதாம் நாள் கிடைத்தன. பதினைந்தாம் நாள் கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் வேறுவிதமாக எழுதியிருப்பேன்.

அவர் இப்பொழுதும் அந்த வளவில்தான் இருக்கிறார். கிணறு இறைத்தாயிற்று. வேலி அடைத்தாயிற்று. மாரி தொடங்கினால் புல்லு மறுபடியும் ஏறிவிடுகிறதாம். போன கிழமை கதைத்தபொழுதும் கேட்டேன், “பெரியம்மா, புல்லுக்குள்ளை போட்டு வந்தால் உடம்பைப் பாக்கிறனீங்களோ?”

“பாக்கிறன் தம்பி,” என்றார். “நீங்கள் எல்லாரும் வந்து நிண்டால் புல்லேன் வளருது?”